யார் கூப்பிட்டது

என் மகள் பிறந்து நான்காவது மாதம். என் கணவர் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுகிறார். விடிவதற்கு முன்பே கிளம்பினால்தான் குமுளி மலையேறி வேலை நேரத்துக்குள் ஆட்களை இறக்கிவிட முடியும். அதற்காகப் போனில் அலாரம் வைத்துத் தலைமாட்டில் போட்டுக்கொண்டு படுப்பார். அன்றைக்கு அலாரம் அடித்ததும், நான் எழுந்து உட்கார்ந்ததும் நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது முதுகுக்கடியில் சிமெண்டுத் தரையின் குளிர்ச்சி. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குழந்தை வீறிட்டு அழுதது. அவர் என் தோள்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

தூங்கி எழுந்தால் நேரம் போன உணர்வாவது இருக்கும். இதில் அது இல்லை. அலாரத்துக்கும் அந்த வெளிச்சத்துக்கும் நடுவில் இருந்ததை யாரோ கத்தரித்து எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒட்டிவைத்தது மாதிரி இருந்தது.

"கண்ணு தெறந்தேதான் இருந்துச்சு," என்றார் அவர். "என்னையத்தேன் பாத்த. ஆனா நீ பாக்கல."

பிள்ளை பெற்ற உடம்பு, தூக்கமில்லை, ரத்தம் குறைவாக இருக்கும் என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். அம்மாவுக்குப் போன் செய்து சொன்னதும் முதல் பஸ்ஸைப் பிடித்து ராயப்பன்பட்டியிலிருந்து வந்துவிட்டாள். வந்தவள் சாப்பிட்டாயா, தலையில் அடிபட்டதா என்று எதையும் கேட்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் என் முகத்துக்கு நேராகக் குனிந்து கேட்டாள்.

"உன்ன யாரு கூப்பிட்டது?"

"யாரும் கூப்பிடலம்மா. அலாரம் அடிச்சுச்சு."

"அதுக்கு முன்னாடி? பேரச் சொல்லி ஏதும் கேட்டுச்சா?"

இல்லை என்றேன். அவள் நம்பவில்லை.

என் அம்மா எட்ட நின்று யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மற்ற வீடுகளில் பிள்ளைகளைத் தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி கத்திக் கூப்பிடுவார்கள். அம்மா நடந்து வருவாள். நான் எங்கே விளையாடிக்கொண்டிருந்தாலும் எனக்கு எதிரே வந்து, நான் நிமிர்ந்து பார்க்கும்வரை நிற்பாள். அது அவளுடைய சுபாவம் என்று நினைத்திருந்தேன்.

இரண்டாவது தடவை கடையில் நடந்தது. பழனிசெட்டிபட்டி மெயின் ரோட்டில் ஒரு விதை, உரக்கடையில் பில் போடும் வேலை எனக்கு. என் தலைக்கு மேலே சுவரில் பழைய லேண்ட்லைன் போன் ஒன்று உண்டு. எப்போதாவதுதான் அடிக்கும், அடித்தால் கடையே அதிரும். அன்று தக்காளி விதை வாங்க ஒரு விவசாயியும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். நான் பில்லைக் கிழித்து நீட்டினேன். அடுத்து, மக்காச்சோள விதை மூட்டைகளின் மேல் சாய்ந்து கிடந்தேன். என் கையில் யாரோ கடைச் சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள். அந்தப் பெண் என் கையை விடாமல் பிடித்திருந்தார்.

"போன் அடிச்சுச்சு. நீ அதத் திரும்பிப் பாத்த, ஆத்தா. யாரோ தெரிஞ்சவுகளப் பாத்த மாதிரி லேசாச் சிரிச்ச. அப்பிடியே சாஞ்சிட்ட. பொறவு கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துச்சு," என்றார்.

கை கால் இழுத்தது என்றால் வலிப்புதான். எங்களுக்கு மட்டுமில்லை, நாங்கள் முதலில் போய்ப் பார்த்த டாக்டருக்கும் அப்படித்தான் பட்டது. தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மண்டை முழுக்கக் களிம்பு தடவி ஒயர் ஒட்டி ஒரு படம் எடுத்தார்கள். இரண்டிலும் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாவிட்டாலும் வலிப்பு இருக்கலாம் என்று மாத்திரை எழுதினார்கள். ஒன்றரை வருஷம் சாப்பிட்டேன். நாள் முழுக்கக் கண் சொருகியது. வரவேண்டியது வந்துகொண்டுதான் இருந்தது.

வராத நாட்களில் படபடப்பு இருந்தது. உலை கொதிக்கும்போது மூடி தடதடவென்று ஆடுமே, அந்த மாதிரி நெஞ்சுக்குள் சில விநாடி ஆடி, தானாக அடங்கும். அதை டாக்டரிடம் சொன்னேன். பயத்தில் வருவது என்றார். பயம் எனக்கு இருந்தது உண்மைதான். அடுப்பு முன்னால் நிற்கும்போதும், குழந்தையைத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டும்போதும், அடுத்த நொடி நான் இருப்பேனா என்று தெரியாமல் வாழ்வது எப்படியென்று சொன்னால் புரியாது. குழந்தையைத் தூக்குவதையே குறைத்துக்கொண்டேன். தரையில் உட்கார்ந்து மடியில் போட்டுக்கொள்வேன்.

அம்மா எங்களோடேயே தங்கிவிட்டாள். சனிக்கிழமை தவறாமல் குச்சனூர்க் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் எள் விளக்குப் போட வைத்தாள். மணிக்கட்டில் ஒரு கறுப்புக் கயிறு கட்டிவிட்டாள். வீட்டிலும் சில காரியங்கள் செய்தாள். எல்லோருடைய போனையும் வாங்கிச் சத்தத்தை அடக்கினாள். குக்கரை எடுத்துப் பரணில் போட்டுவிட்டுச் சட்டியில் சோறு வடித்தாள். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் போய், என் மகளைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிடாதீர்கள், வேண்டுமானால் வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். என் கணவரை அலாரம் இல்லாமல் அவளே எழுப்பினாள். காலைத் தொட்டு எழுப்புவாள்.

"அத்தைக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்று அவர் என்னிடம் கேட்டார்.

ஆனால் மயக்கம் குறைந்தது. மாதத்துக்கு ஒன்று என்று வந்தது, நான்கு மாதம் வரவே இல்லை. கயிறு வேலை செய்கிறது என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சாப்பிடுவதை, துணி மடிப்பதை, குழந்தையோடு பேசுவதை. திரும்பும்போதெல்லாம் அந்தக் கண்கள் என் மேல் இருந்தன. எதற்காகக் காவல் காக்கிறாள், யாரிடமிருந்து என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

என் மகளுக்கு இரண்டு வயது ஆனபோது எனக்கு வயிற்றுப்போக்கும் வாந்தியும் வந்தது. இரண்டு நாள் தண்ணீர்கூட நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்கில் வாந்தி நிற்க ஊசி போட்டார்கள். வாந்தி நின்றது. ஆட்டோவில் திரும்பும்போது நெஞ்சில் மூடி ஆட ஆரம்பித்தது. அன்றைக்கு அது அடங்கவில்லை. லாரி ஒன்று ஏர் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைக் கடந்தது. ஆட்டோவிலேயே மூன்று தடவை எனக்கு நினைவு போய்ப் போய் வந்தது என்று அம்மா பிறகு சொன்னாள். ஆட்டோக்காரர் வீட்டுக்குப் போகாமல் நேராகத் தேனி பெரிய ஆஸ்பத்திரிக்கு விட்டிருக்கிறார்.

கண் விழித்தபோது நெஞ்சில் ஒயர்கள் இருந்தன. கையில் மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. என்னை விடச் சின்ன வயதாகத் தெரிந்த ஒரு டாக்டரம்மா, இசிஜி தாளைக் கட்டில் விளிம்பில் விரித்து வைத்திருந்தாள். ஒரு துண்டுக் காகிதத்தின் ஓரத்தில் பேனாவால் இரண்டு கோடு போட்டு, அதை அந்தத் தாளின் மேல் ஒவ்வொரு அலையாக நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்த்தாள். மறுபடியும் முதலிலிருந்து வைத்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"போன் அடிச்சா, அலாரம் அடிச்சா மயக்கம் வருமா?"

 நான் அவளிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

"ஆமா."

"யாராவது திடீர்னு சத்தமாக் கூப்பிட்டா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள். கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"குடும்பத்துல யாராவது சின்ன வயசுலேயே திடீர்னு இறந்திருக்காங்களா? தூக்கத்துல, இல்ல தண்ணில விழுந்து?"

"அப்பிடி யாரும் இல்ல," என்றாள் அம்மா, நான் வாய் திறப்பதற்கு முன்பே.

"அம்மாவோட தங்கச்சி, என் சித்தி ஒருத்தவுக," என்றேன். "நான் பிறக்குறதுக்கு முன்னாடியே. வாய்க்கால்ல விழுந்து."

"நீச்சல் தெரியாதா?"

"தெரியும்."

"தண்ணி ஆழமா?"

"இடுப்பளவுதான்னு சொல்லுவாக."

டாக்டரம்மா பேனாவை மூடினாள். அம்மா வெளியே போய்விட்டாள்.

சித்தியின் கதை எங்கள் வீட்டில் யாரும் முழுதாக உட்கார்ந்து சொன்ன கதை இல்லை. அங்கங்கே காதில் விழுந்ததுதான். அவளுக்குப் பதினெட்டு வயது. அக்காவும் தங்கையுமாக உச்சிவெயிலில் வாய்க்காலுக்குத் துணி துவைக்கப் போனார்கள். அக்கா துவைத்த துணியைத் தூக்கிக்கொண்டு கரையேறி ரோட்டுக்கு வந்துவிட்டாள். தங்கை இன்னும் படியில் நின்றாள். அப்போது அவளை யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அந்தக் குரல் அக்காவின் குரல் மாதிரியே இருந்தது. எதிர்க்கரையில் மாடு மேய்த்தவர்கள் அதைக் கேட்டார்கள். தங்கை திரும்பிப் பார்த்து, கால் மடங்கித் தண்ணீரில் விழுந்தாள். கையைக் காலை அடிக்கவில்லை. போட்ட இடத்திலேயே கிடக்கும் துணி மாதிரி கிடந்தாள். கூப்பிட்டது அக்கா இல்லை, அந்த நேரத்தில் அங்கே திரிகிற வேறு எதுவோ அக்கா குரலில் கூப்பிட்டிருக்கிறது என்று ஊர் முடிவு செய்தது.

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக்கு என்னை அனுப்பினார்கள். டாக்டரம்மா சொல்லி அனுப்பியதை என் கணவருக்கு நான் இப்படித்தான் விளக்கினேன். ஒரு துடிப்பு முடிந்ததும் அடுத்ததற்கு இதயம் தன்னைத் தயார் செய்துகொள்ள வேண்டும். என் இதயத்துக்கு அதற்கு மற்றவர்களைவிடக் கூடுதல் நேரம் ஆகிறது. அந்த நேரத்தில் திடீரென்று ஒரு சத்தம் தூக்கிப்போட்டால் துடிப்பு குழம்பி வெறும் நடுக்கமாகிவிடும். மூளைக்கு ரத்தம் போகாது. ஆள் விழுவார், கை கால் இழுக்கும், வலிப்பு மாதிரியே தெரியும். நடுக்கம் தானாக நின்றால் விழிப்பு வரும். நிற்காவிட்டால் என்ன என்று அவர் கேட்கவில்லை. பிள்ளை பெற்ற பிறகு சில மாதங்கள் இது கூடுதலாக வருமாம். வாந்திக்குப் போட்ட ஊசி மாதிரி சில மருந்துகளும், வயிற்றுப்போக்கில் உடம்பின் உப்புச்சத்து இறங்குவதும் இதைக் கிளறிவிடுமாம். பிறவியிலேயே உள்ளது, குடும்பத்தில் இறங்கி வருவது.

மதுரையில் ஒரு நாள் முழுக்க நெஞ்சில் ஒயர் ஒட்டி, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டிவிட்டார்கள். ஒவ்வொரு துடிப்பையும் அது எழுதிக்கொள்ளும். மறுநாள் காலையில் வார்டில் யாரோ எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டார்கள். எனக்குத் தட்டு விழுந்த சத்தம் கேட்டது. பிறகு நர்ஸின் முகம் தெரிந்தது.

அன்று மாலை அந்த இடத்தை டாக்டர் திரையில் காட்டினார். ஒழுங்காக வந்துகொண்டிருந்த கோடு ஒரு இடத்தில் கலைந்து, ஊசிகளாகி, பெரிதாகிச் சிறிதாகி, முறுக்கிய ரிப்பன் மாதிரி சுருண்டு சுருண்டு ஓடியது. அப்புறம் ஒரு வெற்றிடம். அப்புறம் பழைய கோடு. கீழே மணி, நிமிடம், விநாடி எல்லாம் இருந்தது. இத்தனை நாளும் கத்தரித்து எடுக்கப்பட்ட துண்டு அதுதான். நான் இல்லாத நேரத்தில் என் உடம்பு செய்ததை முதல் தடவையாகப் பார்த்தேன். வேறு யாரோ ஒருத்தியின் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது மாதிரி கூச்சமாக இருந்தது. கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

வலிப்பு மாத்திரையை நிறுத்தினார்கள். படபடப்பைக் கட்டிவைக்கும் மாத்திரை கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டும் ஒரு தடவை வார்டிலேயே விழுந்ததால், இடது தோளுக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு கருவியை வைத்துத் தைத்தார்கள். துடிப்பு குழம்பி நிற்காமல் போனால் அது உள்ளிருந்தே ஷாக் அடித்து ஒழுங்குக்குக் கொண்டுவரும். சாப்பிடக்கூடாத மருந்துகளின் பட்டியல் ஒன்றைக் கொடுத்தார்கள். அதை லேமினேட் செய்து பையில் வைத்திருக்கிறேன். தலைவலிக்குக்கூட அதைக் காட்டாமல் மாத்திரை வாங்குவதில்லை.

அடுத்து ரத்த சொந்தங்கள் எல்லோரும் இசிஜி எடுக்க வேண்டும் என்றார்கள். என் மகளுக்கு எடுத்தோம். அம்மா வரமாட்டேன் என்றாள். எனக்கு ஒன்றுமில்லை, நான் ஒரு நாளும் மயங்கி விழுந்ததில்லை என்றாள். இரண்டு மாதம் கெஞ்சியபிறகு தேனியில் அதே டாக்டரம்மாவிடம் வந்தாள். அம்மாவின் தாளிலும் அவள் துண்டுக் காகிதத்தை வைத்து நகர்த்தினாள். நெடுநேரம் ஆகவில்லை.

"உங்களுக்கும் இருக்கும்மா. இத்தனை வருஷம் ஒண்ணும் செய்யாம இருந்திருக்கு. சிலருக்கு அப்படித்தான்."

அம்மா அதைக் காதில் வாங்கினாளா என்று தெரியவில்லை. அவள் வேறு ஒன்று கேட்டாள்.

"நல்லா இருக்குற பிள்ளைய, எட்ட இருந்து ஓங்கிக் கூப்பிட்டா, அந்தக் கூப்பாட்டுக்கே விழுந்துருமா?"

"இந்த நோய் இருந்தா விழலாம்."

"பேய் பிசாசு எதுவும் வேணாம்? மனுசக் கொரலே போதும்?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "போதும்மா," என்றாள்.

அன்றே ஊருக்குப் போகவேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். நானும் கூடப் போனேன். பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்தாள்; சின்னமனூர் தாண்டியது. உத்தமபாளையத்துக்கு முன்னால், ரோட்டை ஒட்டி வாய்க்கால் வரும் இடத்தில், ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நாந்தேன் கூப்பிட்டேன்."

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"சோப்பு டப்பாவப் படியிலேயே வச்சிட்டு வந்துட்டேன். அத எடுத்துட்டு வாடின்னு கூப்பிட்டேன். பேரச் சொல்லி, ஓங்கி. திரும்பிப் பாத்தா. சிரிச்சா. அம்புட்டுத்தேன்."

"அப்ப நீங்க கூப்பிடலைன்னு ஏம்மா சொன்னீங்க?"

"நான் எங்கிட்டுச் சொன்னேன்? எங்கப்பன் வந்து, நீ கூப்பிட்டியான்னு கேட்டாரு. எனக்கு வாயே வரல. பக்கத்துல நின்னவுக, அவ ஏன் கூப்பிடுறா, அது வேற என்னமோ இவ கொரல்ல கூப்பிட்டிருக்குன்னாக. நான் ஆமான்னேன். ஒரு வாட்டி ஆமான்னுட்டேன், பொறவு அங்கன இருந்து திரும்பி வர முடியல. போகப்போக எனக்கே சந்தேகம். கூப்பிட்டது நானா, அதுவான்னு. நீ விழுந்தன்ன உடனே, அது உன்னையும் தேடி வந்துருச்சுன்னுதேன் நெனச்சேன்."

உங்கள் மேல் தப்பில்லை, அவளுக்கு அந்த நோய் இருந்தது, இன்றில்லாவிட்டால் இன்னொரு நாள் நடந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

"நோயி இருந்துச்சு, சரி. நான் கூப்பிடலைன்னா அன்னைக்கு அவ வீட்டுக்கு வந்திருப்பால்ல?"

 நாற்பது வருஷமாக ஒரு பேய் அவளுக்குப் பதிலாக நின்றிருந்தது. நானும் டாக்டரம்மாவும் சேர்ந்து அதை விரட்டிவிட்டோம். அவள் தனியாக அந்த ரோட்டில், துணி மூட்டையோடு நிற்கிறாள் என்று தோன்றியது.

என் மகளுக்கு ரத்தம் எடுத்து அனுப்பிப் பார்த்ததில் அவளுக்கும் இருப்பது உறுதியானது. இப்போது ஆறு வயது. தினமும் மாத்திரை சாப்பிடுகிறாள். இதுவரை விழுந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் மணிக்குத் தூரமாக உள்ள வகுப்பில் உட்கார வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. எதிரே வந்து நிற்கிறோம். சில நாள் மதியம் கண்ணயர்ந்துவிட்டு விழித்தால், மூவருமே என் முன்னால் நின்றுகொண்டிருப்பார்கள். மகள், அம்மா, அவர். எவ்வளவு நேரமாக நிற்கிறார்கள் என்று தெரியாது. முதல் நொடியில் எனக்கு ஒவ்வொரு தடவையும் பயமாகத்தான் இருக்கிறது.

போன மாதம் கருவியைச் சோதிக்க மதுரைக்குப் போனோம். டெக்னீஷியன் ஒரு வட்டமான கருவியைத் தோளுக்குக் கீழே வைத்து, உள்ளே பதிவானதைத் திரையில் எடுத்துப் பார்த்தார்.

"இந்த ஞாயித்துக்கிழமை காலைல பதினொரு மணிக்கு என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று ஒரு தேதியைச் சொன்னார். "ஒன்பது விநாடி ஓடியிருக்கு. ஷாக் அடிக்கத் தயாராயிருச்சு, அதுக்குள்ள தானா நின்னுருக்கு."

எனக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. கூடத்தில் உட்கார்ந்து அம்மாவோடு சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தெருவில் ஏதோ ஊர்வலத்துக்குச் சரவெடி போட்டார்கள். உரித்து முடித்தேன், குழம்பு வைத்தேன். அன்று மயக்கம் வரவில்லை, எதுவுமே விட்டுப்போகவில்லை என்று சத்தியம் செய்திருப்பேன்.

வெளியே வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். "எனக்கு நேரா உக்காந்திருந்தீங்களே. பாக்கலையா?"

"பாத்தேன்."

"ஏம்மா சொல்லல?"

"வெடி போட்டதும் உன் கை நின்னுருச்சு. என்னையப் பாத்த, ஆனா கண்ணுல ஆளில்ல. பேரச் சொல்லிக் கத்தணும்னு தொண்ட வரைக்கும் வந்துருச்சு. ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிட்டேன். எண்ணிக்கிட்டே இருந்தேன். ஏழு வரைக்கும் எண்ணுனேன். நீ பாட்டுக்கு அடுத்த வெங்காயத்த எடுத்துட்ட. என்னாம்மா வாயப் பொத்திட்டு உக்காந்திருக்கீகன்னு கேட்ட. கொட்டாவின்னேன்."

அவள் அப்படிச் சொன்னதும் எனக்கு நினைவு வந்தது. நான் கேட்டேன், கொட்டாவி என்றாள்.

மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதியிருந்தார்கள். மருந்துக்கடையில் கூட்டமாக இருந்தது. அம்மா சீட்டை வாங்கி, தன்னுடைய சீட்டோடும் என் மகளுடைய சீட்டோடும் சேர்த்து மடித்துப் பிடித்துக்கொண்டு வரிசையில் போய் நின்றாள்.